சேவையை விட்டவர்கள்

எட்டு வருடத்தில் நான் மூன்று கம்பெனி மாறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஸ்வீட் வாங்கினார்கள். "எவ்ளோ ஹைக்குடா?" என்று மாமா கேட்பார். சதவீதத்தைச் சொன்னதும் முதுகில் தட்டுவார். நான் எழுதிய மென்பொருளை நம்பியிருந்தவர்கள் நான் போனபின் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. 2021 டிசம்பரில் அக்கா நர்ஸ் வேலையை விட்டபோது அதே மாமா, "புண்ணியம் கெடைக்கிற வேலைய யாராச்சும் விடுவாங்களாம்மா?" என்றார்.

அக்கா மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் ஒன்பது வருடம் இருந்தாள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்றுதான் படித்துவிட்டுப் போனாள். நைட் டூட்டியில் மூன்று பேரைப் பார்த்தாள், சில நாள் நான்கு. ஒரு கட்டிலில் சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு கட்டிலில் அலாரம் அடிக்கும். எதை விட்டுவிட்டு எதற்கு ஓடுவது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். காலையில் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியதும் அவள்தான். கடைசியில் வாங்கிய சம்பளம் 16,500 ரூபாய்.

உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த குழு ஒன்று 2016இல் பரிந்துரை தந்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான சின்ன மருத்துவமனைகூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பெரிய மருத்துவமனைகள் அரசுச் சம்பளத்தை ஒட்டித் தர வேண்டும். அரசுச் சம்பளம் என்றதும் பொறாமைப்பட வேண்டாம். 2015இல் தமிழ்நாட்டில் தேர்வெழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்சுகளுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடியபோது எங்கள் தெருவில் எழுந்த முதல் கேள்வி, "அப்ப பேஷன்ட்ட யாரு பாக்குறது?" என்பதுதான். 7,700 ரூபாயில் அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பது ரொம்ப நேரம் கழித்தே வந்தது. ஒரு வேலைக்குச் சேவை என்று பேர் வைத்துவிட்டால் சம்பளம் கேட்பது பேராசை ஆகிவிடுகிறது, விட்டுப் போவது துரோகம் ஆகிவிடுகிறது. என் வேலையை யாரும் சேவை என்று சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு ஸ்வீட்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்காவின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லியிருக்கிறது. சொன்னால் என்ன, அதைத் திரும்ப வாங்க ஏழு நடை நடந்தாள்.

ஏன் விட்டாய் என்று நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். கொரோனா இரண்டாம் அலையில் சாகக் கிடந்தவர்களின் முகத்தை வீடியோ காலில் குடும்பத்துக்குக் காட்டியவள் அவள். அதைச் சொல்வாள் என்று நினைத்தேன். "அப்பல்லாம் அழுதேன்டா. அது கூடப் பரவால்ல. அதெல்லாம் முடிஞ்சு ஆகஸ்டுல ஒரு சின்னப் பையன் போயிட்டான். நான் டைம் பாத்து எழுதிட்டு, டீ குடிக்கப் போயிட்டேன். டீ நல்லா இருந்துச்சு. அன்னைக்குத்தான் பயந்தேன்."

பெருமாள்மலையில் சித்தி வீடு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் பஸ் ஏறினால் கொஞ்சம் கீழேயே வந்துவிடும். ஒரு மாதம் தூங்கிவிட்டு வருகிறேன் என்று போனாள். சித்தி ஒரு சோலைமர நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பொழுது போகாமல் கூடப் போனவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

பழனி மலையின் உச்சிகளில் ஒருகாலத்தில் புல்வெளிதான் அதிகம், மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. அந்தப் புல்வெளிகளில் தோல் பதனிடவும் விறகுக்கும் காகிதக் கூழுக்குமாகச் சீகை, பைன், யூக்கலிப்டஸ் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். டூரிஸ்டுகள் போட்டோ எடுக்கும் பைன் காடு இந்தக் கதையின் ஒரு பகுதி. சோலை மரங்களைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர்களுக்குக் கன்று வேண்டும், கன்றுக்குப் பொறுமை வேண்டும். நாவல் இனத்து விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது, பழுத்து விழுந்ததும் சதையைக் கழுவி உடனே போட வேண்டும். ருத்திராட்ச இனத்துக் கொட்டை நேர்மாறு. கல் மாதிரி ஓடு, மாதக்கணக்கில் கம்மென்று கிடக்கும். செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. அக்கா இதற்கெல்லாம் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள்: போட்ட தேதி, எத்தனை, முளைத்தது எத்தனை, அழுகியது எத்தனை. ஐசியூ சார்ட் மாதிரியே கோடு போட்ட கட்டங்கள்.

செடிகளின் ஆங்கிலப் பட்டியலில் பல பெயர்களின் வாலில் 'வைட்' என்று இருக்கும். "யாருடா இவன், ஊர்ல உள்ள செடியெல்லாம் இவன் பேர்ல இருக்கு?" என்று கேட்டாள். தேடிப் படித்துச் சொன்னேன். ராபர்ட் வைட் ஸ்காட்லாந்து டாக்டர். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாகச் சென்னை வந்தவர். 1826இல் தாவரங்களைச் சேகரிக்கும் பதவி கிடைத்தது. இரண்டே வருடத்தில் கம்பெனி அந்தப் பதவியை ஒழித்து, நாகப்பட்டினத்துக்குப் படை டாக்டராக அனுப்பிவிட்டது. அங்கேயும் செடி பறித்துக்கொண்டுதான் இருந்தார். 1836இல் பழனி மலை ஏறினார். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்ட இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. பிறகு கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைப் பண்ணை. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2,101 தாவரப் படங்களை வெளியிட்டார். ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் அவருக்காக வரைந்தார்கள். ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைத்தார் என்பதற்காகவே எனக்கு அவரைக் கொஞ்சம் பிடிக்கும்.

டாக்டர் வேலையிலிருந்து செடிக்கு நகர்ந்ததற்காக அவரைச் சேவையை விட்டவர் என்று யாரும் எழுதவில்லை. அக்காலத்தில் மருந்தே பெரும்பாலும் செடிதான், டாக்டர் படிப்பில் தாவரவியலும் இருந்தது. அவர் தாண்டியது சின்ன வாய்க்கால். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "அவருக்குக் கம்பெனியே சம்பளத்தக் குடுத்து மலைக்கு அனுப்பிருக்கு. எனக்கு சர்டிபிகேட்ட குடுக்கவே ஏழு நட."

சந்தோஷமாக இருக்கிறாளா? மழையில் அட்டை ஏறுகிறது. தினக்கூலி 450 ரூபாய், பிஎஃப் கிடையாது. குனிந்து குனிந்து முதுகுவலி, அது பழைய வலியின் தொடர்ச்சிதான். வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறேன் என்று ரீல்ஸ் போடுபவர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சல். ஆனால் போன வருடம் மூட்டம் போட்டு வைத்திருந்த நாற்றுகளை ஒரே இரவில் காட்டுமாடு மிதித்து நாசம் பண்ணியபோது, நோட்டில் எண்ணிக்கையை எழுதிவிட்டு உட்கார்ந்து அழுதாளாம். சித்தி பதறிப்போய் எனக்குப் போன் பண்ணினாள். எனக்கு மட்டும் ஏனோ நிம்மதியாக இருந்தது.

இந்த மார்ச்சில் நர்சிங் பதிவைப் புதுப்பிக்கும் தேதி வந்தது. விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"பணத்தக் கட்டிரு. நான் வேலையத்தான்டா விட்டேன், படிச்சத விடல. ஒரு கட்டிலுக்கு ஒரு ஆளுன்னு எங்கயாச்சும் போட்டாங்கன்னா சொல்லு, யோசிப்போம்."

அதற்கு மேல் பேசவில்லை. வேலிப் பக்கம் மறுபடி காட்டுமாடு நிற்கிறதாம், சித்தி கத்துவது போனிலேயே கேட்டது.