ஆயில் ஒழுகும் புல்லட்

பழைய புல்லட் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்று பலரும் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். வண்டிக்கடியில் அட்டையைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அப்படி ஒழுகும் வண்டிகள் பலவற்றில் பேக்கிங் மேல் குற்றமில்லை. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து காற்றை வெளியே விடும் பிரீதர்தான் வேலை செய்யாமல் கிடக்கும்.

சென்னையில் 1950-களின் நடுவிலிருந்து பூட்டப்பட்டு, பிறகு திருவொற்றியூரிலேயே முழுதாகத் தயாரான 350 புல்லட்டில் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கிராங்க் கேஸுக்குள் 346 சிசி இடம் குறைகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் நொடிக்கு 50 முறை இப்படி நெருக்குகிறது. ரிங்கைத் தாண்டிக் கசியும் எரிந்த வாயுவும் இதோடு சேர்ந்துகொள்ளும். போக வழியில்லாத காற்று பேக்கிங்கையும் ஆயில் சீலையும் முட்டித் தள்ளி, ஆயிலையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும்.

இதைத் தடுக்கத்தான் பிரீதர் குழாயில் ஒரு சின்ன ரப்பர் வால்வு. வாத்தின் அலகு போல இரண்டு மெல்லிய உதடுகள், நடுவே ஒரு கீறல். பிஸ்டன் இறங்கினால் உதடுகள் விலகிக் காற்று வெளியேறும். ஏறினால் ஒட்டிக்கொண்டு வெளிக்காற்றைத் தடுக்கும். இரண்டு மூன்று சுற்றிலேயே உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைந்துவிடும். பிறகு ஆயிலை உள்ளேயே நிறுத்துவது வெளிக்காற்றுதான்.

பழைய டிரையம்ப் இரட்டை சிலிண்டர் வண்டிகளிலும் இரு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால் இதே தொல்லை உண்டு. அங்கே இன்லெட் கேம் ஷாஃப்டோடு சுழலும் ஒரு தட்டு, நேரம் பார்த்து வழியைத் திறந்து மூடும். டூ ஸ்ட்ரோக் ஜாவாவுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. பெட்ரோல் கலவையை அழுத்தி மேலே அனுப்புவதே அதன் கிராங்க் கேஸ்தான்; அங்கே காற்று கசிந்தால் வண்டி சரியாக ஓடாது.

ஒரு பட்டறையில், பேக்கிங் மூன்று தடவை மாற்றியும் ஒழுகிக்கொண்டிருந்த புல்லட் ஒன்று நின்றது. மெக்கானிக் அண்ணன் போல்ட் எதையும் தொடவில்லை. பிரீதர் குழாயை உருவி, வால்வைக் கையில் எடுத்து நசுக்கிக் காட்டினார். சூட்டில் வெந்து கட்டையாகியிருந்தது. உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. புது ரப்பர் போட்டதும் ஒழுகல் நின்றது.

வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டியை ஐடிலில் விட்டு, குழாயின் முனையில் விரலை வையுங்கள். காற்று விட்டு விட்டு வெளியே தள்ள வேண்டும். விரலை உள்ளே இழுக்கக் கூடாது. மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால் ஆயில் டேங்கில் உள்ள ஆயில் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். முதல் ஸ்டார்ட்டில் அது இந்தக் குழாய் வழியாகக் கொட்டும். அதற்கு வால்வைக் குறை சொல்லாதீர்கள்.

மற்றபடி ஆயில் கசிந்தால் உடனே ஸ்பானரை எடுத்து இறுக்காதீர்கள். அலுமினியத்தில் மரை போய்விட்டால் செலவு பெரிது. முதலில் அந்த ரப்பரைப் பாருங்கள்.