வயித்துப்பாடு

பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. 'வயிறு' என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை, மன்னிக்கவும். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஐந்து மாதம் முன்பே டாக்டர் வெட்டி எடுத்துவிட்டார். மிச்சம் இருப்பது வாழைப்பழ சைஸில் ஒரு குழாய். அந்தக் குழாயைத்தான் கலக்கியது.

காரணம், காலேஜ் நண்பனின் போன். "ஞாயித்துக்கிழமை எங்க பாடு வருதுடா. ஃப்ரெஷ் இறால். அம்மா உன்னைக் கேட்டுக்கினே இருக்குது. வர்றியா, இல்லியா?"

அவன் வீடு பழவேற்காடு பக்கத்தில் கோட்டைக்குப்பம். அந்த ஊரில் எனக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 2010-ல், பி.காம். கடைசி வருஷம், கம்பெனி லா படிக்கிறேன் பேர்வழி என்று அவன் வீட்டில் போய் இரண்டு நாள் தங்கினேன். படித்தது என்ன என்று ஞாபகம் இல்லை. ஒரே உட்காரலில் பதினொரு களி நண்டு சாப்பிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவுக்கே. நண்பனின் அம்மா இன்றைக்கும் போனில் "பதினோரு நண்டு தம்பி நல்லா கீதா?" என்றுதான் விசாரிப்பார்கள். அந்த மனுஷி கையால் பரிமாறும்போது, "அம்மா, எனக்கு ஒரு டீ கிளாஸ் அளவுதான் இறங்கும்" என்று எப்படிச் சொல்வது? சச்சின் டெண்டுல்கரைக் கூப்பிட்டு மட்டையைக் கொடுத்தால், "ஸாரி, நான் ஸ்கோர் எழுத வந்தேன்" என்கிற மாதிரி இருக்காதோ?

போதாததற்கு, ஆபரேஷன் விஷயம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. 128 கிலோவிலிருந்து 97-க்கு வந்ததற்கு ஆபீஸில் நான் சொல்லி வைத்திருக்கும் காரணம்: காலையில் வாக்கிங், ராத்திரி கோதுமை ரவை. இதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட பக்கத்து ஸீட்காரர் ஒன்றரை மாதமாகக் கோதுமை ரவை சாப்பிட்டு ஒரு கிலோ ஏறியிருக்கிறார். பாவம்.

ஏன் மறைத்தேன்? சோம்பேறி, வாயைக் கட்ட முடியாமல் கத்தியிடம் போய்விட்டான் என்று நினைப்பார்களே என்ற பயம்தான். நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜெட்லி 2014-லும் செய்துகொண்டதும் இந்த மாதிரி எடை குறைக்கிற ஆபரேஷன்தான். மந்திரி செய்தால் செய்தி, நம்மைப்போல குமாஸ்தா செய்தால் வம்பு!

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பஸ். ஸீட்டில் என் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்தார். உங்களுக்கு இது சாதாரணம். எனக்குப் பத்து வருஷத்தில் முதல் தடவை. அவரை அறியாமல் எனக்கு ஒரு சந்தோஷத்தைக் கொடுத்துவிட்டு, அவர் பாட்டுக்குத் தூங்கினார்.

ஏரி வருவதற்கு முன் அதன் வாசனை வந்துவிடுகிறது. உப்பு, சேறு, காய்கிற கருவாடு. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. தமிழ்நாட்டில் ஆரம்பித்து ஆந்திராவுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா, இந்தப் பக்கம் வலை உலர்த்துகிற குப்பங்கள். தூரத்தில் பூநாரைகள் நின்றிருந்தன. தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை அலகால் வடிகட்டிச் சாப்பிடுகிற பறவை. எனக்கு அதைப் பார்த்ததும் பாசம் பொங்கியது. ஆபரேஷன் ஆன முதல் இரண்டு வாரம் நானும் வடிகட்டின ஆகாரம்தான். இளநீர், பருப்புத் தண்ணீர், மோர். அதுவும் முப்பது மில்லி கப்பில், மருந்து குடிக்கிற மாதிரி. பிறகு மிக்ஸியில் அடித்த கூழ் இரண்டு வாரம். பிறகு குழைந்த இட்லி, ஆவியில் வேகவைத்த முட்டை. இரண்டு மாதம் கழித்துத்தான் மனுஷர் சாப்பிடுகிற மாதிரி ஒரு தட்டு. (இது என் டாக்டர் எனக்குப் போட்ட கணக்கு. உங்களுக்கு உங்கள் டாக்டர் வேறு சொல்லலாம். இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளாதீர்கள்.)

நண்பன் வர நேரமானதால் டச்சுக்காரர்கள் கல்லறைக்குப் போனேன். 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டி, கோரமண்டல் கரை முழுக்க வியாபாரம் பண்ணினவர்கள். கோட்டை இன்றைக்குப் புதர் மண்டிய மேடு. கல்லறை மட்டும் தொல்லியல் துறை தயவில் ஒழுங்காக இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் செதுக்கின எலும்புக்கூடுகள். "இன்னும் எத்தனை கிலோ குறைக்கணும்?" என்று என்னைக் கேட்கிற மாதிரியே ஒரு பார்வை. அதில் ஒன்று தலைமேல் மணல் கடிகாரம் வைத்திருக்கிறது. வாழ்க்கை நிலையில்லாதது என்று டச்சுக்காரன் சொல்ல வந்திருப்பான். எனக்கு டயட்டீஷியன்தான் ஞாபகத்துக்கு வந்தார். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். குழாயில் இருக்கிற கொஞ்சம் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் சாப்பாட்டை அடித்துக்கொண்டு போய்ச் சீக்கிரமே திரும்பப் பசிக்க வைக்கும் என்பார்.

"இங்க எங்கடா நிக்கிற? அங்க பூரா பேரும் வெயிட்டிங்!" நண்பன் வந்துவிட்டான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னாடா, பாதி ஆள்தான் வந்திருக்கே?"

"வாக்கிங்" என்றேன்.

போகிற வழியில் 'பாடு' என்றால் என்ன என்று விளக்கினான். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி சிக்காது. முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் உள்ள நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் காலங்காலமாக முறை வைத்துக்கொள்கிறார்கள். சீட்டுப் போட்டு யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முடிவாகும். உன் நாளில் நீ, என் நாளில் நான். இதில் சேராத ஊர்க்காரர்களுக்கு வருத்தம் உண்டு, சண்டையும் வந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னான்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. அட, நம்ம வயிறும் இப்போ பாடு முறையில்தானே ஓடுகிறது! இடம் கொஞ்சம், வர நினைக்கிறவர்கள் நிறைய. கம்பெனி லாவில் படித்த மாதிரிதான். கம்பெனி திவாலானால், இருக்கிற காசில் கடன்காரனுக்கு முன்னுரிமை, கடைசியில்தான் பங்குதாரர். என் குழாயில் முதல் உரிமை புரதத்துக்கு. நாளைக்கு அறுபது கிராமாவது போகணும். ஒரு முட்டை ஆறு கிராம், கைப்பிடி மீன் இருபது கிராம். அடுத்தது காய். சோறு என்கிற பங்குதாரர் மிச்சம் இருந்தால் இரண்டு வாய் வாங்கிக்கொள்ளலாம். சோற்றை முதலில் விட்டால், நூறு கிராமுக்கு மூன்று கிராம் புரதம்கூடத் தேறாது, இடமும் காலி. அப்புறம் முடி கொட்டும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். எனக்கு நாலாவது மாதம் சீப்பு நிறைய வந்தது. டாக்டர், "திரும்ப முளைக்கும், புரதத்தை மட்டும் விடாதீங்க. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரை ஆயுசுக்கும்" என்றார்.

வீட்டில் இலை போட்டிருந்தார்கள். இலை இல்லை சார், மைதானம்! நடுவில் சோற்று மலை. சுற்றி நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, மடவை வறுவல், கிழங்கான் குழம்பு. திண்ணையில் நாலைந்து பேர், நண்டு எண்ணுவதற்கென்றே வந்தவர்கள் மாதிரி.

"இன்னா தம்பி, இப்டி எளைச்சுப் பூட்டே? சுகரு கிகரு வந்துடுச்சா?" அம்மா பதறினார்கள். "பொண்டாட்டி சோறு போட்றதில்லியா? துன்னுப்பா. எல்லாம் உனக்குத்தான்."

நான் என்ன பண்ணியிருக்க வேண்டும்? கிழங்கானில் ஆரம்பித்திருக்க வேண்டும். பஞ்சு மாதிரி சதை, மெல்லுவதே தெரியாது. பண்ணினது என்ன? அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன், பெரிய உருண்டையாகச் சோறும் தொக்கும் பிசைந்தேன். பேசிக்கொண்டே நாலு இறாலை அரைகுறையாக மென்று விழுங்கினேன். காரத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீரும் குடித்தேன். மூன்று சட்டத்தையும் மூன்று நிமிஷத்தில் மீறியாச்சு!

நெஞ்சுக்கு நடுவில் ஒரு கல் உட்கார்ந்தது. வாயில் எச்சில் நுரை நுரையாகப் பொங்கியது. நண்பன் என்னவோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். நான் சிரிக்கிற மாதிரி எழுந்து, வெளியே ஓடி, கரையில் கவிழ்த்திருந்த படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மிச்சத்தை எழுதினால் நீங்கள் டிபன் சாப்பிட முடியாது.

நிமிர்ந்து பார்த்தால் அம்மா நின்றுகொண்டிருந்தார்கள். கையில் செம்பு. முகத்தில் ஈ ஆடவில்லை.

"கெட்டுப்போன எறாலா தம்பி? காலையிலதானே வந்துச்சு..."

அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. என் வறட்டு கௌரவத்துக்காக ஏரி இறாலின் பெயரையும் அந்தச் சமையலின் பெயரையும் கெடுக்கிறேன். மணலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டேன். சர்க்கரை, கொழுப்பு, மூச்சு முட்டி ராத்திரி எழுந்து உட்கார்ந்தது, ஆபரேஷன், குழாய், ஆபீஸில் சொன்ன கோதுமை ரவை உட்பட எல்லாவற்றையும்.

அவர்கள் அழுவார்கள் என்று நினைத்தேன். திட்டினார்கள்! "வவுத்தை அறுத்துக்கினு வந்திருக்கே, பத்தியம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா? புள்ள பெத்தவளுக்கு இந்தக் கையால எத்தினி பேருக்குப் பத்தியம் போட்டிருக்கேன்! உனக்குப் போட மாட்டேனா?"

பாருங்கள், 'டயட்' என்றால் அவர்களுக்கு நான் விருந்தை அவமதிக்கிறவன். 'பத்தியம்' என்றதும் அவர்கள் இலாகாவுக்கு வந்துவிட்டேன். அதில் நான் வெறும் குமாஸ்தா, அவர்கள் மந்திரி.

"எது எறங்குது? எது எறங்கல?" விசாரணை ஆரம்பமானது. இட்லி? ஒன்று இறங்கும். சப்பாத்தி? அடைக்கும். பிரெட்? மாவாகி ஒட்டிக்கொள்ளும். முறுக்கு, மிக்சர்? அது நன்றாகவே இறங்கும் என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு. அதுதான் ஆபத்து. எத்தனை தின்றாலும் பொடியாகி நழுவிக்கொண்டே போகும், குழாய் நிறையாது. ஆபீஸ் நாலு மணி டீயோடு வருகிற பொட்டலம்தான் இன்றைக்கு என் முதல் எதிரி. ஐஸ்கிரீமும் அதே ஜாதி.

கடலுக்குப் போன யாரோ கொண்டுவந்த குட்டிச் சுறா ஒன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அரை மணி நேரம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். வேகவைத்து, தோல் உரித்து, உதிர்த்து, நிறையப் பூண்டும் சின்ன வெங்காயமும் தாளித்துக் கிளறினார்கள். சுறாப் புட்டு. மெல்லவே வேண்டாத பதம், எண்ணெய் பேருக்கு, முழுக்க முழுக்கப் புரதம். முவ்வாயிரம் ரூபாய் டப்பா பவுடரில் வெனிலா வாசனையோடு நான் தேடிக்கொண்டிருந்த விஷயம்! பச்சை உடம்புக்காரிக்கு என்ன வேண்டும் என்று இந்தக் குப்பத்துக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

ஒரு சின்னக் கிண்ணம். பேபி ஸ்பூன். இருபத்தைந்து நிமிஷம். இறங்கியது.

எல்லாவற்றையும் அவர்கள் சொன்னபடி கேட்டேன் என்று நினைக்காதீர்கள். சாப்பிட்ட கையோடு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் நீட்டினார்கள். "அரை மணி நேரம் ஆகணும்மா" என்றேன். "இது இன்னா சட்டம்?" என்று முறைத்தார்கள். குழாய்க் கதையைத் திரும்ப ஒரு தரம் சொன்னேன். யோசித்து, "சரி, மேல கீற புட்டு அடியில போகட்டும்" என்று கூழை மூடி வைத்தார்கள். நண்பனின் தம்பி சாயங்காலம் பீர் பாட்டிலோடு வந்தான். கேஸ் ஆகாது, அதுவும் போக இந்த வயிற்றுக்குச் சாராயம் சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும் என்றேன். "செலவு கம்மிதான் உனக்கு" என்றான். அம்மா துடைப்பத்தைத் தேடப் போனதில் அவன் தர்க்கம் பாதியில் நின்றது.

கிளம்பும்போது, திண்ணையில் இருந்த பெரியவர் கேட்டார்: "அப்ப எத்தினி நண்டுதான் துன்னே?"

"ஒண்ணு. அதுவும் ஒரு கால்."

"ஏ, இப்பதாண்டா நண்டுங்க நிம்மதியா ஏரியில இருக்கும்!" என்றார். நான்தான் முதலில் சிரித்தேன்.

எவர்சில்வர் டப்பாவில் மிச்சப் புட்டு என்னோடு வந்தது. பிரிட்ஜில் வைத்து, திங்கட்கிழமை மதியம் ஆபீஸில் சூடு பண்ணித் திறந்தேன். பூண்டு வாசனை அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் முழுக்கப் பரவியது. பக்கத்து ஸீட்காரர் தன் கோதுமை ரவை டப்பாவோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், இன்னிக்கு ரவை இல்லையா?"

பேபி ஸ்பூனைக் கீழே வைத்தேன். "உட்காருங்க சார். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."