எப்போ பறப்பான்?

முடிவு தெரிந்த கதையை எதற்காகப் பார்க்கிறோம் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

கிளைமாக்ஸை யாராவது முன்கூட்டியே சொல்லித் தொலைத்தால் சட்டையைப் பிடிக்கிற நாம்தான், கர்ணன் சாகப்போகிறான் என்று தெரிந்தே 1964-ல் 'கர்ணன்' படத்துக்கு டிக்கெட் வாங்கினோம். குந்தி கைக்குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடும்போதே, 'ஐயோ, இந்தப் பிள்ளையா கடைசியில் அம்பு பட்டுக் கிடக்கப்போகிறது' என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். துரியோதனனின் தொடை உடையும் என்று தெரிந்தே திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாய் விரித்து, விடிய விடியக் கூத்து பார்த்தோம்.

ஆக, 'அடுத்து என்ன' என்பது மட்டும் சஸ்பென்ஸ் இல்லை. 'எப்படி இப்படி ஆனான்' என்பதும் சஸ்பென்ஸ்தான்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் ஒற்றைப் பதிவு முறை என்று ஒரு பாடம் வரும். கடைக்காரர் ஒழுங்காகக் கணக்கு எழுதியிருக்கமாட்டார். இறுதி இருப்பு கையில் இருக்கும், தொடக்க இருப்பு இருக்காது. நடுவில் அகப்படுகிற துண்டுச் சீட்டுகளை வைத்துப் பின்னோக்கிப் போய், தொடக்கத்தில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ப்ரீக்வெல் என்கிறார்களே, அந்த முன்கதை சமாசாரம் இதேதான். ஹீரோவின் இறுதி இருப்பு ஊருக்கே தெரியும். தொடக்க இருப்பை எழுதுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2001 அக்டோபர் 16 அன்று அப்படி ஒரு தொடர் ஆரம்பித்தது. பெயர் 'ஸ்மால்வில்'. சூப்பர்மேன், சூப்பர்மேன் ஆவதற்கு முந்தைய கதை. கான்ஸாஸ் மாநிலத்து கிராமத்தில், எடுத்து வளர்த்த அப்பா அம்மாவோடு மாட்டுக்கொட்டகையும் வைக்கோலுமாக வாழ்கிற பள்ளிக்கூடப் பையன் கிளார்க் கென்ட். தயாரித்த ஆல்ஃபிரட் கஃப், மைல்ஸ் மில்லர் இருவரும் தங்களுக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: பையன் அந்த இறுக்கமான நீல உடையைப் போடக் கூடாது, பறக்கவும் கூடாது.

சூப்பர்மேன் கதை, ஆனால் பறக்கமாட்டான்! ரஜினி படம், ஆனால் ஸ்டைல் கிடையாது என்று சொல்வது மாதிரி. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் முதல் நாள் சுமார் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். 'தி டபிள்யூ.பி.' என்ற அந்தச் சேனலின் சரித்திரத்திலேயே எந்த முதல் எபிசோடுக்கும் கிடைக்காத கூட்டம். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. நிஜத்தில் யாரும் பறந்து வந்து காப்பாற்றவில்லை என்று அந்த ஊரே பார்த்திருந்தது. அந்த நேரத்தில், இன்னும் பறக்கத் தெரியாத ஒரு பையனை உட்கார்ந்து பார்க்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

எங்கள் கள்ளிக்குப்பத்தில் அந்தத் தொடர் 2003-ல் ரிலீஸானது. அதாவது, என் சித்தி பையன் பர்மா பஜாரிலிருந்து சிடி வாங்கி வந்தான். 'சூப்பர்மேன் சின்ன வயசு சீரியல்டா' என்று அவன் தெருவில் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வீட்டு ஹால் நிரம்பிவிட்டது. வாண்டுகள் ஒரு ஏழெட்டுப் பேர். எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்த மாடிவீட்டு அண்ணன். கையில் முறத்தோடு எதிர்வீட்டு அக்கா. யாருக்கும் இங்கிலீஷ் சரியாகப் புரியாது. சப்டைட்டில் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பத்து நிமிஷம் ஆனதும் வாண்டுகள் ஆரம்பித்தார்கள். "எப்போ பறப்பான்?"

"இருடா, பறப்பான்."

வானத்திலிருந்து எரிகற்கள் விழுந்தன. பையன் பஸ்ஸைவிட வேகமாக ஓடினான். பாலத்தில் ஒரு கார் அவன்மேல் மோதி, ரெண்டு பேரும் ஆற்றில் விழ, கார் ஓட்டி வந்த மொட்டைத் தலை இளைஞனைத் தண்ணீரிலிருந்து இழுத்து வந்து பிழைக்க வைத்தான். "டேய், அந்த மொட்டைதான்டா பின்னாடி வில்லன்! லெக்ஸ் லூதர்" என்றான் சித்தி பையன். ஹாலில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. மாடிவீட்டு அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "காப்பாத்தினவனுக்கே ஆப்பு வைக்கப்போறானா? நம்ம ஃபோர்மேன் மாதிரி."

முடிவு தெரிந்திருப்பதன் லாபம் இதுதான். ஒரு சாதாரண நட்பு, பின்னால் வரப்போவதை நினைத்தாலே கனமாகிவிடுகிறது.

படம் முடிகிற வரை பையன் பறக்கவில்லை. வாண்டுகள் பெரும் ஏமாற்றத்தோடு கோலி விளையாடக் கிளம்பிவிட்டார்கள். 'டுபாக்கூர் சூப்பர்மேன்' என்று விமர்சனம் எழுதிவிட்டுத்தான் போனார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார். "பறக்காம இருக்கறதே நல்லதுப்பா. அந்த அம்மாவுக்கு ராத்திரி நிம்மதியா தூக்கம் வரும்."

அவர் யாருடைய அம்மாவாக அதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு இன்னும் ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் 'சக்திமான்' வந்தது ஞாபகம் இருக்கிறதா? பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரத'த்தில் பீஷ்மராக வந்த முகேஷ் கன்னாதான் சக்திமான். முழுக்க முழுக்க இந்தி. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு பம்பரமாகச் சுற்றுவதற்கு எந்த பாஷை வேண்டும்? அப்போது நாங்கள் அம்பத்தூர் நகராட்சி. சென்னை மாநகராட்சியோடு சேர்த்தது 2011-ல்தான். தெருவில் சாக்கடை வந்து சேரவில்லை, சக்திமான் வந்து சேர்ந்துவிட்டார்.

எதிர்வீட்டு அக்காவின் பையனுக்கு அப்போது எட்டு வயது. 1998-ல் ஒரு மதியம் கழுத்தில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு, மூன்று சுற்று சுற்றி, சன்ஷேடிலிருந்து குதித்துவிட்டான். கீழே கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த மணல் அவன் உயிரைக் காப்பாற்றியது. வலது கை முழங்கைக்குக் கீழே உடைந்தது. புத்தூர் கட்டு போட்டார்கள். கட்டோடு இருந்தவனிடம் "ஏன்டா குதிச்சே?" என்று கேட்டதற்கு, "சக்திமான் வந்து புடிச்சுப்பாருன்னு நெனச்சேன்" என்றான். அழவில்லை. சக்திமான் வரவில்லையே என்பதுதான் அவனுக்கு வருத்தம்.

இது எங்கள் தெரு சமாசாரம் மட்டும் இல்லை. சக்திமான் காப்பாற்றுவார் என்று நம்பி நாட்டில் ஆங்காங்கே குழந்தைகள் விபரீதத்தில் இறங்கியதாக அந்த நாட்களில் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, நான் செய்வதையெல்லாம் நீங்கள் செய்து பார்க்காதீர்கள் என்று குழந்தைகளிடம் சொல்ல வேண்டி வந்தது. எபிசோடு முடிவில் நல்ல பழக்கங்களைப் பற்றிய சின்னச் சின்ன அறிவுரைகளும் சொன்னார். 2005 வரை ஓடிய தொடர் அது. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்குப் பெற்றோர் சொன்னால் பல் தேய்க்காத பிள்ளைகள், அவர் சொன்னால் தேய்த்தார்கள்.

இப்போது அந்த அக்காவின் விமர்சனத்தைத் திரும்பப் படியுங்கள். ஒரே எபிசோடைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் 'எப்போ பறப்பான்' என்கிறார்கள். அம்மா 'பறக்க வேண்டாம்' என்கிறார். இரண்டும் நியாயம்தான்.

நம்முடைய தமிழில் இந்த இரண்டாவது நியாயத்துக்கு ஒரு தனி இலக்கியமே இருக்கிறது, சார். பிள்ளைத்தமிழ். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடி வைத்த வழியில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பிள்ளையாக்கிப் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியையே பிள்ளையாக்கினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம். எதிரிகளை ஓட ஓட விரட்டப்போகிற ராஜா, உலகத்தைக் காக்கிற தெய்வம் என்று கவிஞருக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் முதலில் என்ன பாடுகிறார்? காப்பு. 'இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது' என்று மற்ற தெய்வங்களைக் காவலுக்குக் கூப்பிடுகிறார். ஊரைக் காப்பாற்றப் போகிறவனை யார் காப்பாற்றுவது என்பதுதான் முதல் கவலை. ஸ்மால்வில்லில் மார்த்தா கென்ட் என்ற அந்த அம்மா செய்வதும் இதைத்தான். கோகுலத்தில் யசோதை செய்ததும் இதைத்தான். முறத்தோடு எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்த அக்கா, இங்கிலீஷ் தெரியாமலே இதைப் புரிந்துகொண்டுவிட்டார்.

இந்தச் சூப்பர்மேனுக்கே ஒரு நிஜமான முன்கதை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரத்தில் ஜெர்ரி சீகல் என்று ஒரு பையன். அப்பா பழைய துணிக்கடை வைத்திருந்தார். 1932-ல் ஒரு நாள் இரவு கடையில் திருட வந்தார்கள். அந்தக் களேபரத்தில் மாரடைப்பு வந்து அப்பா போய்ச் சேர்ந்தார். பையனுக்கு அப்போது பதினேழு வயது. அடுத்த சில வருஷங்களில் அவனும், படம் வரைகிற நண்பன் ஜோ ஷுஸ்டரும் சேர்ந்து, குண்டு துளைக்காத, திருடர்களைப் பந்தாடுகிற ஒரு மனிதனைக் கற்பனையில் உருவாக்கினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சீகல் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டது கிடையாது. நமக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

1938-ல் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தார்கள். விலை 130 டாலர். பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்கு வயிறு எரியும். சூப்பர்மேனின் இளமைக் காலத்தைத் தனிக் கதையாக எழுதலாம் என்று யோசனை சொன்னதும் சீகல்தான். அப்போது வேண்டாம் என்றார்கள். பிறகு 1945-ல், அவர் ராணுவத்தில் இருந்த நேரம் பார்த்து, அவரிடம் கேட்காமலே 'சூப்பர்பாய்' வெளிவந்துவிட்டது. வழக்கு, வாய்தா, வறுமை என்று வருஷங்கள் ஓடின. 1975-ல்தான் இருவருக்கும் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் என்று ஓய்வூதியம் முடிவாகி, உருவாக்கியவர்கள் என்று பெயரும் போட ஒப்புக்கொண்டார்கள். ஷுஸ்டர் 1992-லும் சீகல் 1996-லும் போய்விட்டார்கள். ஸ்மால்வில்லின் முதல் எபிசோடை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

வாண்டுகளின் கேள்விக்கு பதில் சொல்ல வேண்டாமா? பறந்தான். பத்து சீசன், 217 எபிசோடு ஓடிய தொடரின் கடைசி எபிசோடில்தான், 2011 மே 13 அன்று, சூப்பர்மேனாகப் பறந்தான். முதல் நாள் பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்குள் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்போதும் நடிகர் டாம் வெல்லிங் அந்த உடையை முழுசாகப் போட்டு நிற்கவில்லை என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். 2014-ல் வந்த 'கோதம்' தொடரில் குறை நேர் எதிர். பேட்மேன் இன்னும் சின்னப் பையன், ஆனால் பிற்கால வில்லன்கள் பாதிப் பேர் முதல் எபிசோடிலேயே வந்து தலைகாட்டிவிட்டார்கள் என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. மெதுவாகப் போனால் எப்போ வளருவான் என்கிறோம். சீக்கிரம் காட்டினால் அதற்குள்ளா என்கிறோம்.

வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறோம், இல்லையா? எல்.கே.ஜி. சேர்க்கும்போதே ஐ.ஐ.டி. கோச்சிங் எங்கே நல்லது என்று விசாரிக்கிறோம். பிள்ளை வளர்ந்து விமானம் ஏறியதும், அவன் தவழ்ந்த வீடியோ எங்கே என்று தேடுகிறோம்.

சன்ஷேடிலிருந்து குதித்த பையனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான். ஆறு வயதில் ஒரு மகள். மழைக்கு முன்னால் பழைய வீட்டின் மேல் ஒரு மாடி எடுத்தான். போய்ப் பார்த்தேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் என் கழுத்துயரம் இருந்தது.

"என்னப்பா, ஜெயில் மாதிரி கட்டி வெச்சிருக்கே? காத்து எப்படி வரும்?" என்றேன்.

மகள் கழுத்தில் அம்மாவின் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவன் சரியாக நிமிராத வலது முழங்கையைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

"காத்து வரலன்னா ஃபேன் போட்டுக்கலாம்ணா. அவளுக்கு இன்னும் முன்கதை சொல்லல."