பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு ரூபாய்

மும்பை செம்பூரில் இருக்கும் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த கிதார் மூன்றே வாரத்தில் பீரோ மேல் ஏறிவிட்டது. "எனக்கு வரல மாமா" என்று கையை நீட்டினாள். இடது கை விரல் நுனி நான்கிலும் கம்பி பதிந்த சிவப்புத் தழும்பு. புதிதில் விரல் வலிக்கத்தான் செய்யும். ஆனால் நானே அழுத்திப் பார்த்தபோது எனக்கும் வலித்தது.

ஜூலை மழையில் கிதாரை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு சயான் வழியாகத் தாராவிக்குப் போனோம். 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்தில், தோல்பை தைக்கும் இடத்துக்கு மேலே, இரும்பு ஏணி ஏறினால் பட்டறை. நான் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். மரத்தூளும் பசையும் கலந்த வாசம். பட்டறை நடத்தும் அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். தச்சு வேலைக்கு என்று வந்தவர், கோவாக்காரர் ஒருவரிடம் கிதார் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் ஒரு பையன் விரற்பலகையில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனையை அரத்தால் மழுக்கிக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி கிதாரை வாசித்துப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து மூன்று ஒரு ரூபாய்க் காசுகளை எடுத்து அடுக்கி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே தள்ளினார். மூன்றும் சேர்ந்து நுழைந்தன.

"நாலு மில்லிமீட்டருக்கு மேல நிக்கி பாப்பா. ரெண்டு, ரெண்டரைதான் இருக்கணும். ஒன் விரல்ல குத்தமில்ல."

அவள் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே! கிதார் எடுத்துக் கைவிட்ட எத்தனை பிள்ளைகளிடம் இந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லாமல் போயிருப்பார்கள்.

வழக்கமான லைட் ரகக் கம்பிகள் ஆறும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுக்கின்றன. அதை எதிர்த்துப் பிடிக்கக் கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது; டிரஸ் ராட் என்பார்கள். எல் சாவியால் அதைக் கால் சுற்று இறுக்கி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடி இறுக்கினார். கழுத்தின் வளைவு நிமிர்ந்ததும் பாதிக் குறை தீர்ந்தது. மீதிக்கு, கம்பி தாங்கும் சேடில் துண்டைக் கழற்றி, கண்ணாடிப் பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் அடிப்பக்கத்தைத் தேய்த்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க சேடிலில் இரண்டு தேய்க்க வேண்டும். கூடிப்போனால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். பத்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி அளந்தார். முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது ஒரு காசு நுழைந்தது, இரண்டு நுழையவில்லை.

"புதுசா வாங்குறவங்க எதைப் பாக்கணும் அண்ணாச்சி?"

"மொதல்ல மடியில வச்சுப் பாக்கணும். பெரிய ஒடம்புக் கிதார் சின்ன ஆளுக்குத் தோளைத் தூக்கும். ஒவ்வொரு ஃப்ரெட்டா அழுத்தி இரையுதான்னு கேக்கணும். பிரிட்ஜுக்குப் பின்னாடி பலகை உப்பியிருந்தா வேண்டாம். கையில இருக்க பணம் பூராத்தையும் கிதாருக்கே குடுத்துராம, இந்த மாதிரி செட்டப்புக்குக் கொஞ்சம் ஒதுக்கணும்."

நான் இன்னொன்றும் சேர்ப்பேன். தோபி தலாவில் இருக்கும், 1865இல் தொடங்கிய ஃபர்டாடோஸ் மாதிரியான கடைக்குப் போய், ஒலித் துளையின் விளிம்பைப் பாருங்கள். மேற்பலகையின் ரேகை கனம் முழுக்க இறங்கினால் முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளை. முதல் கிதாருக்கு பிளை போதும், மும்பை ஈரத்தையும் ஓரளவு தாங்கும்.

பையன் தேய்த்துக்கொண்டிருந்த விரற்பலகை கருஞ்சிவப்பாக இருந்தது. ஈட்டி மரம், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. அமெரிக்காவின் மார்ட்டின் கிதார் கம்பெனி பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது 1969இல். உலகம் போற்றும் கிதார்கள் பலவற்றில் இருப்பது நம் காட்டு மரம் என்று அவனிடம் சொன்னேன். தூளை ஊதிவிட்டு மரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

மருமகள் ஏணிப்படியில் உட்கார்ந்து வாசித்தாள். மூன்று வாரமாக வராத எஃப் கார்டு அரைகுறையாக வந்தது. கீழே தையல் மிஷின் ஒரு நிமிடம் நின்று மறுபடி ஓடியது.

"மழை முடிஞ்சதும் ஒருக்கா கொண்டா பாப்பா. கழுத்து மறுபடி நகரும்."

தாராவி மறுசீரமைப்புக்கு அளவெடுத்து, தரைத்தளக் கதவில் எண் எழுதிப் போயிருக்கிறார்கள். மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான் இடம் என்று பேச்சு.

"அப்பவும் இங்கதான இருப்பீங்க?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி பென்சிலை எடுத்து, கிதார் உறையின் உட்பக்கத்தில் தன் போன் நம்பரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தார்.