பற்றுக் கணக்கு

அட்டையில் 555 என்று போட்ட சின்னப் புத்தகம் எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும். ஈஜோக் பக்கத் தோட்டங்களில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டுக்கொண்டிருந்த காலம். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாமே பற்று. கடைக்காரர் தம் ஏட்டில் ஒருமுறை, நம் புத்தகத்தில் ஒருமுறை எழுதுவார். சம்பள நாளில் கிராணி பெயர் கூப்பிட, அம்மா பெருவிரலை மையில் அழுத்திப் பணம் வாங்கிக்கொண்டு நேரே கடைக்குப் போவார். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் காசு கைமாறும்.

பேங்கு அட்டையின் சிப்பும் அப்படித்தான். அதற்குள் ஒரு ரகசிய எண் இருக்கிறது. அதைச் சரிபார்க்கும் வழி பேங்கிடம் இருக்கிறது. அந்த எண் வெளியே வருவதே இல்லை. அட்டையைச் செருகியதும் கடை மெஷின் பொன்னிறத் தகடுகள் வழியாக மின்சாரம் கொடுக்கிறது. சிப்புக்குச் சொந்த பேட்டரி கிடையாது. தொகை, தேதி, அப்போதே உருவாக்கிய ஓர் எண் ஆகியவற்றை மெஷின் நீட்டுகிறது. சிப் தன் ரகசியத்தையும் இது எத்தனையாவது முறை என்ற எண்ணிக்கையையும் கலந்து ஒரு விடை தருகிறது. பேங்கும் தன் பக்கம் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் சரி. அதே விடையை மறுநாள் எவன் கொண்டுவந்தாலும் செல்லாது.

முன்பிருந்த கறுப்புக் காந்தப் பட்டையில் இந்தச் சாமர்த்தியம் இல்லை. எப்போது உரசினாலும் ஒரே தகவலைத்தான் ஒப்பிக்கும். ஒருமுறை படித்தெடுத்தால் இன்னோர் அட்டையில் பதித்துவிடலாம். அந்தத் திருட்டு மலேசியாவை நன்றாகவே உலுக்கியது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா விடவில்லை. 2005க்குள் கடன் அட்டைகள் சிப்புக்கு மாறின.

2017 ஜூலை 1 முதல் கடையில் கையெழுத்தும் போய், ஆறு இலக்க பின் எண் வந்தது. சிப் தன் ரகசியத்தை யாரிடமும் சொல்லாது. அம்மாவோ ஆறு இலக்கத்தையும் காலண்டரில் எழுதி வைத்திருந்தார், பெரிய எழுத்தில்.

சிப் அவருக்குப் புதிதல்ல. 2001இல் வந்த மைகாட் அடையாள அட்டையிலேயே அது இருந்தது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் அரசாங்கம் தந்த 100 ரிங்கிட் சாரா உதவியும் அதன் வழியாகத்தான். பணம் அட்டைக்குள் இருப்பதாக அம்மா நினைத்தார். இல்லை, இவர் இன்னார் என்று மட்டும் மைகாட் சொல்லும், மீதி எவ்வளவு என்பது வேறிடத்துக் கணினியில் இருக்கிறது.

பேங்கு அட்டையைத் தொட்டுக் காட்டினால் 250 ரிங்கிட் வரை பின் கேட்காது. மெஷினின் ரேடியோ அலையே சிப்புக்கு மின்சாரம். வசதிதான், ஆனால் அட்டை தொலைந்தால் கண்டெடுத்தவனுக்கும் அதே வசதி. கள்ள அட்டை செய்வதைத்தான் சிப் தடுக்கும். அசல் அட்டை யார் கையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அம்மா அட்டையில் தொட்டுக் காட்டும் வசதியை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன்.

"நிறுத்திடுப்பா. எனக்குத்தான் நம்பர் அமுக்கத் தெரியுமே" என்றார்.