ஆறாம் வகுப்பு எங்கே படித்தாய்?

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்துக்கும் மதிப்பெண் இருபதுக்குத்தான். பத்து வந்தால் பாஸ். பன்னிரண்டு என்றால் 'அசே பியன்', பரவாயில்லை ரகம். பதினான்கு 'பியன்'. பதினாறு வாங்கிவிட்டால் 'த்ரே பியன்', அன்றைக்கு வீட்டில் பாயசம். இருபதுக்கு இருபது யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. "இருபது கடவுளுக்கு, பத்தொன்பது வாத்தியாருக்கு, மிச்சம்தான் உங்களுக்கு" என்று எங்கள் ஆசிரியர் சொல்லுவார். பிரான்சில் எல்லா வாத்தியாரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

அப்பா காலமான பிறகு அம்மாவின் ஊரான தருமபுரிப் பக்கம் வந்தோம். தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன், பிறகு சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனேன். என் சர்வீஸின் கடைசிப் பகுதி முழுக்கத் தாலுக்கா ஆபீஸில், சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எழுதும் மேஜையில் கழிந்தது. ஜூன் மாதம் வந்தால் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். இருபதுக்குப் பதினாறு என்றாலே பாயசம் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய பையன் 'கட் ஆஃப் போச்சு சார்' என்று கண் கலங்கி நிற்பது முதல் வருஷத்தில் புரியவே இல்லை. பழகப் பழகப் புரிந்தது.

நம் வயதுக்காரர்களுக்குப் பி.யூ.சி. காலம் நினைவிருக்கும். அப்போது மருத்துவக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பி.யூ.சி. மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டுவார்கள். நேர்முகத்துக்கு மட்டும் 75. விளையாட்டு, என்.சி.சி., உடல் திடம், பொதுத் திறமை என்று அதற்குத் தலைப்புகள் வைத்திருந்தார்கள். சில நிமிஷம் உட்கார வைத்து ஒரு பையனின் பொதுத் திறமையை எப்படி எடை போட்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். பெரியகருப்பன் என்ற மாணவர் தொடுத்த வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு நடந்த விதத்தையே ரத்து செய்தது.

அதற்கு முன்னால் இன்னொரு வழக்கு உண்டு. நம் மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். ஒவ்வொரு மாவட்டத்தின் மக்கள்தொகைக்கு ஏற்ப மருத்துவ இடங்களைப் பிரித்துக் கொடுக்கும் விதி அன்றைய மெட்ராஸ் மாநிலத்தில் இருந்தது. சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல். 1968 ஜனவரியில் ராஜேந்திரன் என்பவரின் வழக்கில் அந்த மாவட்ட ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு மாவட்டத்தில் அதிக மதிப்பெண் எடுத்தவனுக்கு இடம் இல்லாமலும், இன்னொரு மாவட்டத்தில் குறைவாக எடுத்தவனுக்கு இடம் கிடைத்தும் போகும், அது சமத்துவம் ஆகாது என்றார்கள். நியாயமான வாதம்தான், மறுக்க முடியாது. ஆனால் ஒகேனக்கல் ரோட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவனும் மயிலாப்பூரில் படித்தவனும் அன்றிலிருந்து ஒரே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த நாளில் நமக்குப் பக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி எதுவும் கிடையாது. சேலத்துக்கு வந்தது 1986-ல், தருமபுரிக்கு வந்தது 2008-ல்.

எண்பதுகளின் நடுவில் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ உயிரியல் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கி மொத்தம் 200. நுழைவுத் தேர்வுக்கு 100. ஆக 300. என் மேஜைக்கு வந்த ஒரு பெண்ணை மறக்க முடியாது. தொண்ணூறுகளின் கடைசி என்று நினைவு. அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அம்மா ஆடு மேய்ப்பவர். 200-க்கு 188 எடுத்திருந்தாள். அந்த வருஷம் நான் பார்த்த மார்க் ஷீட்டுகளில் அதுதான் உயர்ந்தது. சான்றிதழை அன்றைக்கே கையெழுத்து வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். நுழைவுத் தேர்வில் 100-க்கு 57. முடிந்தது கதை.

பிறகு நர்சிங் படித்தாள். இப்போது நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள்தான் ஸ்டாஃப் நர்ஸ். ஒருநாள் பேச்சுவாக்கில், "அந்த நூறு மார்க்குக்கு என்ன கேப்பாங்கன்னு சொல்றதுக்கு எங்க ஊர்ல ஆளே இல்ல சார். கேள்வித்தாளைக் கையில வாங்கினப்பதான் அது எப்படி இருக்கும்னே தெரிஞ்சுது" என்றாள். குறைபட்டுக்கொண்ட மாதிரிகூட இல்லை, சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் அன்று ரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டியது.

2007-ல் நுழைவுத் தேர்வு போயிற்று. பத்து வருஷம் பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு, 200-க்கு எவ்வளவு என்பதே பேச்சு. அப்போது மட்டும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அலை அலையாக டாக்டருக்குப் போனார்களா என்றால் இல்லை. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்து இரண்டு வருஷம் உருட்டினார்கள். அவர்களோடு நம் பிள்ளைகள் எங்கே போட்டி போடுவது? நீட் வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கெட்டது இன்னும் கெட்டது என்பதே சரி. 2017-ல் 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதாவை இழந்தோம். இப்போது 720-க்கு நீட்டில் என்ன எடுத்தாய் என்பது மட்டுமே கணக்கு. பிளஸ் டூவில் தகுதிக்கான குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால் போதும், அதற்கு மேல் எடுத்ததற்கு ஒரு மதிப்பும் இல்லை.

பிரான்சில் அந்தக் காலத்தில் வேறு மாதிரி. என்னோடு படித்த ஒருவன், 1962-ல் அவன் வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டதால், அங்கே போய் மருத்துவத்தில் சேர்ந்தான். அப்போது பக்கலோரேயா பாஸ் செய்தால் முதலாம் ஆண்டில் உட்கார்ந்துவிட முடிந்தது. வடிகட்டியது அந்த வருஷக் கடைசியில். 1971-லிருந்து இத்தனை பேர்தான் மேலே போகலாம் என்று எண்ணிக்கையும் கட்டிவிட்டார்கள். பெரும்பாலோர் கழிந்துவிட்டார்கள். ஆனால் ஒரு நல்ல ஏற்பாடு பிற்பாடு அதில் இருந்தது. ஒரே ஒருமுறைதான் திரும்ப எழுத முடிந்தது. அதற்கப்புறம் வேறு படிப்புக்குப் போய்விட வேண்டியிருந்தது. நம் நீட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், வயது உச்சவரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். தாராளம் போலத் தெரிகிறது. காசுள்ள வீட்டுப் பிள்ளை மூன்று வருஷம் கோச்சிங் சென்டரில் உட்காரலாம், லாரி டிரைவரின் பிள்ளை எத்தனை வருஷம் உட்கார முடியும்?

இந்த நிலைமையில் உருப்படியாக நடந்தது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் வந்தது. மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. நீட்டில் தகுதி பெற வேண்டும், ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ளேயே. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒரு வருஷம் குறைந்தாலும் கிடையாது. அரசு உதவி பெறும் பள்ளியும் கணக்கில் வராது. (கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவச இடத்தில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.) எங்கள் தெருவில் ஒரு பையன். ஆறாம் வகுப்பு மட்டும் மெட்ரிக் பள்ளி. இங்கிலீஷ் வரட்டும் என்று அம்மா நகையை வைத்துச் சேர்த்தாள். பீஸ் கட்ட முடியாமல் ஏழிலிருந்து அரசுப் பள்ளி. அவன் நீட்டில் எடுத்த மதிப்பெண்ணுக்கு 7.5-ல் இடம் உண்டு, பொதுப் போட்டியில் இல்லை. அந்த ஒரு வருஷம்! பதினோரு வயதில் யாரோ எடுத்த முடிவு பதினெட்டு வயதில் வந்து நிற்கிறது. இப்போது தருமபுரியில் பி.எஸ்சி. படிக்கிறான்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் லாரி டிரைவரின் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது அதே பேச்சு வந்தது. மெட்ரிக் பள்ளி வேன் வாசலுக்கே வரும், அரசுப் பள்ளியில் கவனிப்பு போதாது என்பது அவள் அம்மாவின் கவலை. பொய்யான கவலை இல்லை. "சார், அவ டாக்டர் ஆவான்னு நானும் நினைக்கல. ஆகாத ஒண்ணுக்காக இப்பவே இங்கிலீஷை விட்டுடணுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. டாக்டருக்கு மட்டும் இல்லையம்மா, 2021-லிருந்து இன்ஜினியரிங், விவசாயம், சட்டம் எல்லாவற்றுக்கும் இதே 7.5 உண்டு, கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு கணக்கு உண்டு என்று எடுத்துச் சொன்னேன். இங்கிலீஷுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் உட்காருகிறேன் என்றேன். பிரெஞ்சு படித்தவன் சொல்லித்தரும் இங்கிலீஷ் எப்படி இருக்கும் என்று என் மனைவி சிரித்தாள்.

பேரப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் பள்ளி மாறியிருந்தால், எந்த வகுப்பு, எந்த ஆண்டு, எந்தப் பள்ளி என்று ஒவ்வொரு தலைமை ஆசிரியரிடமும் போனஃபைடு சான்றிதழ் இப்போதே வாங்கி வையுங்கள். கவுன்சலிங் நேரத்தில் தலைமை ஆசிரியர் மாறியிருப்பார், பழைய ரெஜிஸ்டர் எந்த பீரோவில் என்று யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் ரெஜிஸ்டர் தேடியவன் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணை ஜூன் மாதம் இங்கே அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழின் நகலையும் சேர்க்கைச் சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.