திருகு சுத்தட்டும், தட்டு நிக்கட்டும்

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயாகியது. திருகோணமலையில் சின்ன எஞ்சின் பூட்டித் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய அடி. அப்பா கடலுக்குப் போவது வாரத்தில் மூன்று நாளாகக் குறைந்தது. நான் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். இரவில் வலை இழுக்க லைட் பிடிக்கிற கிளாம்ப் ஒன்று வேணும் என்று அப்பா சொன்னபோது, "கடையில வாங்காதீங்க, நான் செய்து தாறன்" என்றேன்.

பழைய பிளாட் அயனை 'ப' வடிவில் வெல்ட் பண்ணி, ஒரு கையில் ஓட்டை போட்டு, நட்டை ஒட்டி, போல்டைத் திருகினேன். போட் விளிம்பில் நல்லா இறுகியது.

விடியப்புறம் அப்பா வந்தார். கிளாம்ப் தளர்ந்து லைட் சரிந்திருந்தது. விளிம்பில் வட்டமாக ஒரு காயம், பைபர் வெள்ளையாகப் பொடிந்து கிடந்தது. போட் எங்களுடையது இல்லை, சித்தப்பாவுடையது. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை.

பின்னேரம் அவர்தான் கூப்பிட்டார். "எஞ்சின்ட திருகைப் பார்த்தியாடா?"

பின்பலகையில் எஞ்சினைப் பிடிக்கிற இரண்டு திருகுகளின் நுனியிலும் சின்ன வட்டத் தட்டு. கையால் ஆட்டினால் ஆடும். இறுக்கும்போது தட்டு பலகையில் பட்டதும் நின்றுவிடும், திருகு மட்டும் சுற்றும். பலகை சரிவாக இருந்தால் தட்டும் சரிந்து முழுசாக உட்காரும். சின்ன வயதிலிருந்து பார்த்த எஞ்சின்தான்! என்னுடைய போல்டோ சுற்றச் சுற்ற பைபரை அரைத்திருக்கிறது. அழுத்தம் முழுக்க ஒரு விரல் நுனி அளவு இடத்தில்.

கடைசல் மெஷின் இல்லாமல் அந்த நுனியை எப்படிச் செய்வது? மரவேலைக்குப் போடுகிற, தலை குடை மாதிரி உருண்ட 10 மில்லிமீற்றர் போல்ட் ஒன்று கிடைத்தது. அந்தத் தலையையே நுனியாக்கினேன். கழுத்து தாராளமாக நுழையும் ஓட்டை போட்ட தகடு மேலே, ஓட்டையில்லாத தகடு கீழே, நடுவில் ஒரு இஞ்சி ஜி.ஐ. பைப்பிலிருந்து 8 மில்லிமீற்றர் உயரத்துக்கு அறுத்த வளையம். தலை அந்தப் பெட்டிக்குள் சுற்றும், கொஞ்சம் சரியும், வெளியே வராது. கழுத்தின் சதுர மூலைகளைக் கிரைண்டரில் மழுக்கினேன். பைப்பின் நாகப் பூச்சையும் முதலே உரசி எடுத்தேன். அது வெல்டிங் சூட்டில் எரிந்தால் வருகிற புகை கூடாது.

இரண்டு தரம் பிழைத்தது. இப்போது போல்ட் உள்பக்கத்தால் நுழைய வேண்டும், ஆனால் 'ப'வின் வாயை விட அது நீளம். கையை அறுத்து, போல்டைத் திருகிய பிறகுதான் திரும்ப ஒட்ட முடிந்தது. அடுத்தது, வெல்டிங் பொறி உள்ளே விழுந்து தலையும் தகடும் ஒட்டிக்கொண்டன. பிறகு ஒவ்வொரு பொட்டு வைத்ததும் போல்டைச் சுற்றிப் பார்த்து, அடுத்த பொட்டை வைத்தேன். வெளிமுனையில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கினேன், ஸ்பனர் பிடிக்க. தட்டுக்கு அடியில் பழைய செருப்பு ரப்பர். உள்ளே கிரீஸ், உப்புத் தண்ணிக்கு.

அப்பா தட்டைப் பெருவிரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, பேசாமல் கொண்டு போனார். விடிய நான் கரையில் நின்றேன். லைட் வைத்த இடத்திலேயே இருந்தது, விளிம்பில் கீறலும் இல்லை. பழைய காயத்தை அடைத்த காசு இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.

வலையை இறக்கும்போது அப்பா சொன்னார்: "பக்கத்து போட்காரனுக்கு ரெண்டு வேணுமாம். எவ்வளவு சொல்லட்டும்?"

அவர் என்னிடம் விலை கேட்டது அதுதான் முதல் தடவை.